தேயிலைச் சுவைஞர்



சுவை ஆறு என வகுத்த தமிழர் துவர்ப்பையும் அவற்றுள் ஒன்றாக வைத்தனர். இனிப்பை விரும்பாதார் இல்லை. துவர்ப்பை நாடிச் செல்வாரோ மிகச் சிலர். ஆயினும், தண்ணீருக்கு அடுத்தபடியாக உலக மக்கள் மிகுதியாக அருந்தும் பானம் துவர்ப்பையே உயிராகக் கொண்டது. அதுவே தேநீர். துவர்ப்பு அளவோடு நின்றால் நாவுக்குப் புத்துணர்ச்சி பிறக்கும். மிகுந்தால் நா வறளும். குறைந்தால் பானம் சப்பென்றிருக்கும். இந்த நுண்ணிய வேறுபாட்டைக் கண்டு சொல்வதையே தொழிலாகக் கொண்டவர் தேயிலைச் சுவைஞர். அவர் உறிஞ்சும் ஒரு மிடறு, ஒரு தோட்டத்தின் பல நாள் உழைப்புக்கு விலை குறிக்கிறது. சப்ரகமுவ மாகாணத்துத் தேயிலையை முன்வைத்து இக்கலையை ஆராய்வது பயனுடையதாகும்.

சப்ரகமுவ என்பது இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களைக் கொண்டது. சிவனொளிபாத மலையின் மேற்குச் சாரலும், சிங்கராஜ வனத்தின் ஒரு பகுதியும் இதனுள் அடங்கும். இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகிறது. பலாங்கொடை, இறக்குவானை, கலவானை, நிவித்திகலை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை முதலிய ஊர்களைச் சுற்றித் தேயிலையும் றப்பரும் அடுத்தடுத்து வளர்கின்றன. இலங்கைத் தேயிலையை வளரும் உயரத்தைக் கொண்டு மூவகையாகப் பிரிப்பர். 4,000 அடிக்கு மேல் விளைவது உயர்நிலத் தேயிலை. 2,000 அடிக்கும் 4,000 அடிக்கும் இடைப்பட்டது இடைநிலத் தேயிலை. 2,000 அடிக்குக் கீழ்ப்பட்டது தாழ்நிலத் தேயிலை. சப்ரகமுவவின் தேயிலை பெரும்பாலும் இம்மூன்றாம் வகையைச் சேர்ந்தது.

1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் கண்டிக்கு அருகே லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட காலந்தொட்டு, மலையுச்சித் தேயிலைக்கே பெருமதிப்பு இருந்துவந்தது. குளிர்ந்த மலையில் கொழுந்து மெல்ல வளர்ந்து நறுமணம் கொள்ளும். வெப்பமும் மழையும் மிக்க தாழ்நிலத்திலோ அது விரைந்து வளர்ந்து, நிறமும் கனமும் மிக்க சாயத்தைத் தரும். மணத்தையே பெரிதென மதித்த சந்தையில் தாழ்நிலத் தேயிலை இரண்டாம் இடத்தையே பெற்றது. எனினும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைமை மாறியது. மேற்காசிய நாடுகளில் பாலின்றிச் சர்க்கரையுடன் சிறு கண்ணாடிக் குவளைகளில் தேநீர் அருந்தும் மக்கள், ஆழ்ந்த நிறத்தையும், கறுத்து முறுகிய அழகிய இலையையும் விரும்பினர். தாழ்நிலத்தார் அதற்கேற்ப இலை பெரிதாக நிற்குமாறு பதம் செய்தனர். விளைவு யாதெனின், ஒருகாலத்தில் தாழ்வாக எண்ணப்பட்ட தேயிலை, ஏலத்தில் மலைநாட்டுத் தேயிலையின் சராசரி விலையைப் பல ஆண்டுகள் விஞ்சி நின்றது. இன்று நாட்டின் தேயிலையில் பாதிக்கு மேற்பட்டது தாழ்நிலத்ததே.

சுவையின் தொடக்கம் கோப்பையில் அன்று, கொழுந்தில் இருக்கிறது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிய கொழுந்து தொழிற்சாலையில் வாட்டப்படுகிறது. பின்னர் உருளைப் பொறியில் சுருட்டப்படும்போது இலையின் சாறு வெளிப்பட்டுக் காற்றோடு கலக்கிறது. பச்சை இலை செப்பு நிறம் பெறுவது அப்போதுதான். அந்நிலையில் இலையிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் இருவகையாக மாறுகின்றன. தியாஃபிளேவின் எனும் பொருள் சாயத்துக்கு ஒளியையும் விறுவிறுப்பையும் அளிக்கிறது. தியாரூபிஜின் எனும் பொருள் செந்நிறத்தையும் கனத்தையும் அளிக்கிறது. நேரம் நீளநீள முன்னது குறைந்து பின்னது மிகும். எந்தக் கணத்தில் இலையைச் சூட்டடுப்புக்கு அனுப்புவது என்பதைத் தேயிலை தயாரிப்பாளர் மூக்காலும் கையாலும் அறிந்து தீர்மானிக்கிறார். கால் மணி நேரத் தவறும் கோப்பையில் தெரிந்துவிடும்.

அத்தவறைக் கண்டுபிடிக்கும் இடம் கொழும்பிலுள்ள தரகர்களின் சுவையறை ஆகும். நீண்ட மேசையின்மேல் வெண்பீங்கான் மூடிக்கிண்ணங்களும் கோப்பைகளும் வரிசையாக நிற்கும். அனைத்துலக முறைப்படி 100 மில்லிலீற்றர் நீருக்கு 2 கிராம் தேயிலை. கொதிநீர் ஊற்றி 6 நிமிடம் மூடி வைத்தல் வேண்டும். எல்லாக் கிண்ணத்துக்கும் ஒரே அளவு, ஒரே நேரம். செல்வந்தத் தோட்டமாயினும் சிற்றூர்த் தொழிற்சாலையாயினும் சட்டம் ஒன்றே. சுவைஞர் முதலில் உலர்ந்த இலையின் நிறத்தையும் முறுக்கையும் நோக்குவார். அடுத்து ஊறிய இலையை முகர்வார். பின்பு சாயத்தைக் கரண்டியில் எடுத்து ஓசையெழ உறிஞ்சுவார். அவ்வோசை நாகரிகக் குறைவன்று. காற்றும் சாயமும் ஒன்றாய்ப் பாய்ந்தால்தான் வாசனை நாசியின் உட்புறத்தை எட்டும். நா முழுவதும் ஒருமுறை உருட்டி, எச்சிற்படிக்கத்தில் உமிழ்ந்துவிட்டு அடுத்த கோப்பைக்கு நகர்வார். ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கோப்பைகள் இவ்வாறு கடந்து செல்லும்.

சுவைஞர் குறைகூறுவதோடு நிற்பதில்லை. சாயம் மங்கியிருந்தால் இலை மிகைப்பட்டுப் புளித்தது என்பார்; கருகல் வாடை வீசினால் அடுப்பின் வெப்பம் மிகுந்தது என்பார்; பச்சை வாடை அடித்தால் இலை போதிய அளவு பதம் பெறவில்லை என்பார். இக்குறிப்புகள் தொழிற்சாலைக்குத் திரும்பிச் சென்று அடுத்த வாரத் தேயிலையைத் திருத்துகின்றன. இரத்தினபுரி மாவட்டத்தின் நியூ விதானகந்தைத் தொழிற்சாலை, சிறு நிலக்காரரின் கொழுந்தைக் கொண்டே உலகச் சந்தையில் பெயர் பெற்றது. பெரிய தோட்டத்துக்கே உயர்ந்த தரம் உரியது என்ற எண்ணம் இங்கே பொய்யாகிவிட்டது.

இனி, கலத்தல் என்னும் கலையை நோக்குவோம். பிரான்சு நாட்டு ரைம்ஸ் நகரில் 1843ஆம் ஆண்டில் ஜோசப் குரூக் என்பார் ஒரு ஷாம்பேன் மது நிலையத்தை நிறுவினார். ஓராண்டு வெயில் மிகும், மற்றோராண்டு மழை மிகும். ஆயினும் பருகுவோருக்கு ஆண்டுதோறும் சிறந்ததையே வழங்கவேண்டும் என்பது அவர் கொள்கை. அந்நிலையத்தார் இன்றும் பத்துக்கு மேற்பட்ட ஆண்டுகளின் நூற்றிருபதுக்கு மேற்பட்ட மதுக்களைச் சுவைத்துத் தேர்ந்து ஒன்றாகக் கலக்கின்றனர். பழைய ஆண்டுகளின் சேமிப்பு அவர்களுக்குத் துணை. தேயிலைக் கலவையாளருக்கோ அத்துணை இல்லை. தேயிலை நாளாக ஆக ஈரம் உறிஞ்சி உயிர்ப்பை இழக்கும். ஆகவே அவர் காலத்தின் வேறுபாட்டை இடத்தின் வேறுபாட்டால் ஈடுசெய்கிறார். தை முதல் பங்குனி வரை திம்புளையில் ஒளிமிக்க தேயிலை கிடைக்கும். ஆடி, ஆவணி மாதங்களில் ஊவாவின் நறுமணம் உச்சம் பெறும். நுவரெலியா மென்மையைத் தரும். இவற்றுக்கெல்லாம் நிறமும் கனமும் கொடுத்துத் தாங்கி நிற்பது தாழ்நிலத் தேயிலை. வீட்டின் அத்திவாரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதற்காக அது வேண்டாததாகிவிடுமா? பல தேயிலைகளைப் பங்கு வகுத்துக் கலந்து, முந்திய கலவையின் மாதிரியோடு அருகருகே ஊற்றிச் சுவைத்து, வேறுபாடு தெரியாத வரையில் மாற்றியமைப்பதே கலவையாளரின் வெற்றி. அவருடைய திறமை பருகுவோர் கவனியாதிருப்பதிலேயே விளங்குகிறது.

கொழும்பில் தேயிலை ஏலம் 1883ஆம் ஆண்டு யூலை 30ஆம் நாள் தொடங்கியது. 1998இல் இலண்டன் ஏலம் மூடப்பட்டது. கொழும்பு ஏலமோ 2020ஆம் ஆண்டில் மின்னணு முறைக்கு மாறி நிலைபெற்றுள்ளது. முறை மாறினும் நாவின் வேலையைப் பொறி ஏற்கவில்லை. இலங்கை ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த காலத்தில் இத்தொழில் வெள்ளையர்க்கே உரியதாயிருந்தது. இலண்டன் மின்சிங் லேனில் பயிற்சி பெற்ற முதல் இலங்கையர் சிலருள் ஒருவரான மெரில் ஜே. பெர்னாண்டோ, பின்னாளில் டில்மா என்னும் பெயரால் இலங்கைத் தேயிலையை இங்கேயே பொதிசெய்து உலகெங்கும் அனுப்பினார். அவர் 2023இல் காலமானார்.

இவ்வளவுக்கும் அடியில் நிற்போரை மறத்தல் தகாது. சிறு நிலக்காரரின் கொழுந்துக்குரிய விலை ஏல விலையைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. ஏலத்தில் குறையும் ஒவ்வொரு ரூபாவும் ஒரு குடிசையின் அடுப்பைத் தொடுகிறது. 2021ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, அவ்வாண்டு ஏறத்தாழ 30 கோடி கிலோகிராமாயிருந்த நாட்டின் உற்பத்தி 2022இல் ஏறத்தாழ 25 கோடியாக வீழ்ந்தது. உரமின்றி வாடிய செடியை எந்தக் கலவையாளராலும் கோப்பையில் தேற்ற முடியாது. மழையில் நனைந்து, அட்டை கடிக்க, கூடை சுமந்து நிற்கும் தோட்டத்துப் பெண் முற்றிய இலையை விலக்கிக் கிள்ளுகிறாள் அன்றோ? முதற் சுவைஞர் அவளே. அவளுடைய விரல் தேர்ந்ததைத்தான் கொழும்பின் நா பின்னர் மெச்சுகிறது.

ஆதலின், நேயர்களே, நாட்டின் தேநீர் நன்றாயிருக்க வேண்டுமெனில் நாவின் பயிற்சி மட்டும் போதாது. விரலுக்கும் உரிய மதிப்பும் கூலியும் கிட்டவேண்டும். சுவையை அளக்கத் தெரிந்த நாடு உழைப்பையும் அளக்கக் கற்றல் கடன்.