தெருவின் மட்டமும் வீட்டின் வாயிலும்



சென்னை மாநகரின் பழைய தெருக்களில் நடந்து செல்வார் ஒன்றைக் காண்பர். முப்பது நாற்பது ஆண்டுகட்கு முன் கட்டப்பெற்ற வீடுகளுக்கு அன்று தெருவினின்று படியேறிச் சென்றனர். இன்று அவ்வீடுகள் பலவற்றுக்குப் படியிறங்கிச் செல்கின்றனர். வீடு தாழவில்லை; தெருவே உயர்ந்தது. மழை பெய்தால் தெருநீர் வடிகாலைத் தேடுவதில்லை, கூடத்தைத் தேடுகிறது. பொருளுடையார், வண்டியின் சக்கரத்தைக் கழற்றுங்கால் கீழே வைக்கும் திருகுதூக்கி போன்றவற்றை அடித்தளத்தில் நிறையப் பொருத்தி, வீட்டையே சில அடி உயர்த்திக் கொள்கின்றனர். இல்லாதார் வாயிலில் ஒரு குறுஞ்சுவர் எழுப்பி, அதனைத் தாண்டித் தாண்டியே வாழ்கின்றனர். முழங்கால் வலியுள்ள கிழவிக்கு அச்சுவர் எத்துணை உயரம் என்பதை அளவுநாடா சொல்லாது.

இதற்குக் கரணியம் யாது? பழைய பரப்பைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதுப்பரப்பை இடுவதே. கணக்கு எளிது. ஒருமுறை இடும் மேற்பரப்பு 40 மி.மீ. தடிப்பு என்று கொண்டால், நான்குமுறை இட்டபின் 160 மி.மீ.; அஃதாவது அரையடிக்கும் மேல். தலைமைச் செயலாளராயிருந்த திரு. வெ. இறையன்பு அவர்கள் 2021-இல், பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே புதியது இடவேண்டும். சாலையின் மட்டம் உயரலாகாது என்று அலுவலர்க்கு அறிவுறுத்தினார். நன்று. ஆயின் பெரிய சுரண்டுபொறி நுழையா முடுக்குகளும் உள்ளன. அங்குக் கையாற் கொத்தி எடுத்தல் வேண்டும். அது செலவும் உழைப்பும் மிக்க பணி. ஆதலின் விட்டுவிட எளிதாவதும் அதுவே.

மட்டத்தை அடுத்து வெப்பம். இங்கு ஒரு சொல்லைத் திருத்திக்கொள்ளல் நலம். தார் என்பது நிலக்கரியினின்று வடிப்பது. இன்று தெருவில் இடப்படுவதோ, பாறையெண்ணெயை வடித்தபின் எஞ்சும் நிலக்கீல். இரண்டும் கறுப்பு என்பதால் ஒன்றாகா. சாலைகளுக்குப் பெரிதும் பயன்படும் பாகுத்தரம் 30 உடைய நிலக்கீலைக் கொண்டு செய்த கலவை, ஆலையைவிட்டுப் புறப்படும்போது 150 முதல் 165 பாகை வெப்பத்தில் இருத்தல் வேண்டும். தெருவில் பரப்பும்போது 140 பாகைக்குக் குறையலாகாது. 90 பாகைக்குக் கீழே இறங்குமுன் உருளை தன் வேலையை முடித்துவிடல் வேண்டும். நடுவண் அரசின் சாலைத்துறை வகுத்த அளவுகள் இவை. கலவை ஆலை ஊருக்கு வெளியே, தெருவோ ஊருக்குள்ளே. சரக்குந்து நெரிசலில் நிற்க நிற்கக் கலவை ஆறும். ஆறிய கலவையின்மேல் உருளை எத்தனைமுறை ஓடினும் கற்கள் நெருங்கிப் படியா. இடையிடையே புழை நிற்கும். அப்புழையில் நீர் புகும். ஒரு மழைக்காலத்திற்குள் குழி விழும். குழி விழுந்தபின் மழையைப் பழிப்பர். மழை என்ன செய்யும்? நீர் தேங்கிய பரப்பின்மேல் கலவை இடலாகாது என்பதும் அந்நெறியிலேயே உள்ளது.

பழைய பரப்பும் புதியதும் ஒட்டுதற்கு இடையில் தெளிக்கும் பிடிப்புப்பூச்சு, சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம். தூசியைப் பெருக்காமல் தெளித்தால் அது தூசியோடுதான் ஒட்டும். தெருவின் நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்திருத்தல் வேண்டும். நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பங்கு சரிவு. இருபதடி அகலத் தெருவில் நடுவினின்று ஓரம்வரை பத்தடி. அதற்குள் 6 செ.மீ. இறக்கம் போதும்.

இவையெல்லாம் பொறியாளர்க்குரியன, பொதுமக்கட்கு எதற்கு என்பார் உளர். நீர் புகுவது பொதுமக்கள் வீட்டிலன்றோ? 1934-இல் நிறுவப்பெற்ற இந்தியச் சாலைப் பேராயத்தின் நெறிநூல்களும் சாலைத்துறையின் அளவுநூலும் ஆங்கிலத்திலேயே கையாளப்படுகின்றன. கலவை ஆறியிருப்பதைக் கண்ணாற் கண்ட குடும்பத்தலைவியிடம், "அளவுப்படிதான் அம்மா" என்று ஒருவன் சொல்லிவிட்டுப் போகலாம். எந்த அளவு என்று அவர் கேட்பதற்குரிய நூல் அவர் மொழியில் இல்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கழிவு நெகிழியைத் துணுக்காக்கிச் சுடுசல்லியின்மேல் உருகிப் படியச்செய்து, அதன்பின் நிலக்கீலைக் கலக்கும் முறையைக் கண்டவர், மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரியின் வேதியியற் பேராசிரியர் இராசகோபாலன் வாசுதேவன். அத்தகைய கழிவுநெகிழிச் சாலைகளுக்கெனப் பேராயம் 2013-இல் நெறிநூல் வெளியிட்டது. மதுரையிற் கண்ட முறையைத் தன் தெருவிற் காணும் மதுரைக்காரர், அதன் அளவை அறிய ஆங்கிலம் கற்கவேண்டியுள்ளது!

பெரிய நூலையெல்லாம் உடனே பெயர்க்க இயலாது போகலாம். தெருமுனையில் ஒரு பலகை வைக்கலாம். எத்தனை மில்லிமீட்டர் சுரண்டப்படும், எத்தனை இடப்படும், கலவை எத்துணை வெப்பத்தில் வரவேண்டும், ஒப்பந்தக்காரர் யார் என்னும் நான்கு வரி, நல்ல தமிழில். மாநகராட்சியிடம் அதனைக் கேட்டுத் தெருவார் கூடி மடல் எழுதுக.

மறுமொழி வரும்வரை வாளா இருக்கவும் வேண்டா. பணி தொடங்குதற்கு முன்னாள், பல வீட்டுச் சுற்றுச்சுவர்களில், தெரு இன்று நிற்கும் மட்டத்தினின்று சரியாக ஓரடி உயரத்தில் வண்ணக்கோடு ஒன்று இழுத்து, நாளையும் எழுதி வைக்க. உருளை போனபின் அதே இடத்தில் அடிக்கோலை நிறுத்திப் பார்க்க. கோடுவரை பத்து விரற்கடைதான் இருக்கிறதென்றால், பணம் கொடுக்குமுன் பொறியாளரை அங்கேயே அழைத்துக் காட்டுக.