தொட்டி நிறையும் முன்னே

(எங்கள் கிளையின் மாதக் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)

சம்பளத்தைப் பற்றியோ போனஸைப் பற்றியோ பேச்சு நடக்கும் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். கக்கூஸ் தொட்டியைப் பற்றி நான் பேசப்போவதாகச் செயலாளர் அறிவித்ததும் பின்வரிசையில் சிலர் சிரித்தது என் காதில் விழுந்தது. சிரிக்கட்டும். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சிரித்தவன்தான். சிரிப்பு எப்படி அடங்கிற்று என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முன்பு நான் வேலை பார்த்த தோட்டத்தில், கடைசி லயத்துப் பின்புறம் நான்கு வீடுகளுக்குப் பொதுவாக ஒரு தொட்டி இருந்தது. ஒருநாள் பால் எடை போட்டு முடிந்த நேரத்தில், அந்த லயத்துத் தாயார் ஒருவர் ஆபீஸ் வாசலுக்கு வந்தார். "தம்பி, கக்கூசுல தண்ணி ஊத்துனா சீக்கிரம் எறங்க மாட்டேங்குது. கொடகொடன்னு சத்தம் கேக்குது. லாரிக்கு எழுதிப் போடுங்க" என்றார். நானும் எழுதினேன். எழுதிய கடிதத்தை நிர்வாகியின் மேசைக்கு அனுப்பினேன். "அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம்" என்ற குறிப்போடு அது திரும்பி வந்தது. அதை ஃபைலில் போட்டுக் கட்டினேன். என் கடமை முடிந்தது என்று நினைத்தேன். பட்ஜெட் வந்தது, போனது. நான் ஞாபகப்படுத்தவில்லை.

பதினான்கு மாதம் கழித்து, தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது, தொட்டி பொங்கி லயத்துக் கால்வாயில் ஓடிற்று. வீடுகளுக்கு விருந்தாளிகள் வரும் நேரம். லாரிக்காரர்கள் பண்டிகை கழித்துத்தான் வரமுடியும் என்றார்கள். "இரண்டு ஆளைவிட்டு வாளியால் இறைத்துவிடச் சொல், ஆளுக்கு நூறு வெள்ளி" என்று மேலிருந்து உத்தரவு. அந்தச் சீட்டை எழுதியது யார்? இதோ, இந்தக் கை.

மூடியைத் தள்ளிவிட்டு ஒருவர் மண்டியிட்டுக் குனிந்து வாளியை விட்டார். இரண்டாவது வாளிக்கு அவர் நிமிரவில்லை. தலை தொங்கிவிட்டது. பக்கத்தில் நின்றவர் இரண்டு கால்களையும் பிடித்து இழுத்திராவிட்டால் அவர் உள்ளே போயிருப்பார். அவரைத் தூக்குவதற்கு அடுத்தவர் இறங்கியிருப்பார், அவரும் போயிருப்பார். ஆள் பிழைத்தார். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். தீபாவளியன்று நான் போய்ப் பார்த்தபோது, "சீட்டுல ஓவர்டைம் போட்டுட்டீங்களா கிராணி?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

தோழர்களே, அந்தத் தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று அதற்குப் பிறகுதான் நான் படித்துத் தெரிந்துகொண்டேன். அது வெறும் குழி அல்ல. உள்ளே போவது மூன்றாகப் பிரிகிறது. கனமானது அடியில் கசடாகப் படிகிறது. எண்ணெய்ப் பசை உள்ளவை மேலே ஏடாக மிதக்கின்றன. நடுவில் நிற்கும் தண்ணீர்தான் அடுத்த அறைக்கோ வெளிக்குழாய்க்கோ போகவேண்டும். காற்றில்லாமல் வாழும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கசடைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று குறைக்கின்றன. குறைக்கின்றனவே தவிர, ஒழித்துவிடுவதில்லை. மிச்சம் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே வரும். கசடும் ஏடும் சேர்ந்து தொட்டி ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்துவிட்டால் உறிஞ்சி எடுக்கும் காலம் வந்துவிட்டது என்று அர்த்தம். நான்கு அடி ஆழம் தண்ணீர் நிற்கும் தொட்டியானால் பதினாறு அங்குலம். அதற்கு மேலும் விட்டால் தண்ணீர் தெளிய இடமில்லை. கசடே வெளிக்குழாய் வழியாகக் கால்வாய்க்குப் போகிறது. அந்தக் கால்வாய்க்கரையில் யார் விளையாடுகிறார்கள்? நம் பிள்ளைகள். டைபாய்டும் வயிற்றுப்போக்கும் வெறுங்காலில் ஏறும் கொக்கிப்புழுவும் நமது பழைய தலைமுறையை எப்படி வாட்டின என்று இங்குள்ள பெரியவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

கவனியுங்கள்: பொங்குவதற்கு வெகுநாள் முன்பே தொட்டி கெட்டுப்போய்விடுகிறது. நாற்றம் வரவில்லையே, தண்ணீர் இறங்குகிறதே என்று இருப்பது, மரத்தில் பால் வருகிறதே என்று பட்டையை ஆழமாக வெட்டிக்கொண்டே போவது போலத்தான். ஆகவே மூக்கை நம்பாதீர்கள், காலண்டரை நம்புங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை என்பது நம் நாட்டில் சொல்லப்படும் கணக்கு. ஆள் அதிகமுள்ள வீட்டுக்கு அதற்கும் முன்பே தேவைப்படலாம்.

"ஈஸ்ட் போட்டால் போதும், பவுடர் போட்டால் போதும்" என்று சொல்வார்கள். கடையிலும் விற்கிறார்கள். தேவையான கிருமி நம் வயிற்றிலிருந்தே போகிறது. அதைக் காசு கொடுத்து வாங்குவானேன்? எந்தப் பவுடரும் லாரிக்குப் பதிலாகாது. இன்னும் சில வீடுகளில் வாரந்தோறும் குளோரக்ஸைப் பாட்டிலோடு கவிழ்க்கிறார்கள். கழிவறை வெளுக்கும், உள்ளே வேலை செய்யும் கிருமி சாகும். குழந்தை டயப்பர், சானிட்டரி பேட், துணி, சமைத்த எண்ணெய் எதுவும் அதற்குள் போகக்கூடாது. நமக்கென்று தனியாக ஒன்று சொல்கிறேன். பால் வாளி கழுவிய தண்ணீரைக் கழிவறையில் ஊற்றாதீர்கள். குழாய்க்குள் பால் உறைந்து ஒட்டுப்பாலாக நின்றால் எந்தக் கம்பிக்கும் அசையாது. பால் உறைய வைக்கும் ஆசிட்டில் மிஞ்சியதையும் அங்கே ஊற்றவேண்டாம்.

தோட்டத்தைவிட்டு வெளியேறி, வாங்கிய வீட்டிலோ மலிவு விலை வீட்டிலோ இருக்கும் தோழர்கள் பலர் இங்கே வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. லயத்தில் இருந்தவரை தொட்டி நிர்வாகத்தின் தலைவலி. சாவியை வாங்கிய அன்று அது உங்கள் தலைவலியாகிவிட்டது. 1994 முதல் தீபகற்பத்தின் பெரும்பகுதியில் இந்தப் பணியை இண்டா வாட்டர் நிறுவனம் செய்துவருகிறது. முறை வைத்து லாரி தானே வந்த காலம் ஒன்று இருந்தது. 2006ஆம் ஆண்டின் நீர்ச் சேவைத் தொழில் சட்டம் 2008இல் நடைமுறைக்கு வந்தபின், தொட்டியைச் சுத்தம் செய்விக்கும் பொறுப்பு வீட்டுக்காரர் தலையில் இருக்கிறது. யாரோ வருவார்கள் என்று காத்திருந்தால் யாரும் வரமாட்டார்கள்.

அழைத்தால் மட்டும் போதாது, லாரிக்காரருக்கு மூடி தெரியவேண்டும். வீட்டை நீட்டிக் கட்டுகிறோம் என்று தொட்டிமேல் சிமெண்ட் பூசி, அடுப்பங்கரையைக் கொண்டுபோய் அதன்மேல் வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பின் மோசாய்க்கை உடைத்து மூடியைத் தேடவேண்டியிருக்கிறது. தொட்டியோரத்தில் பலா, மா நடாதீர்கள். வேர் சுவரைப் பிளக்கும். மூடிமேல் காரை நிறுத்தாதீர்கள். விரிந்த மூடியானால் அன்றைக்கே மாற்றுங்கள். பலகையையும் தகரத்தையும் போட்டு மறைப்பது பிள்ளை விழுவதற்குப் பொறி வைப்பதாகும்.

லாரி வந்தால் வீட்டுக்காரர் பக்கத்தில் இருங்கள். உறிஞ்சும் முன் கசடு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கேளுங்கள். மேல்தண்ணீரை மட்டும் இழுத்துக்கொண்டு போய்விடுவது சில குத்தகைக்காரர்களின் கைவரிசை. தண்ணீரில் என்ன இருக்கிறது, அடிக்கசடல்லவா வெளியேறவேண்டும்! உட்குழாயும் வெளிக்குழாயும் உடைந்திருக்கின்றனவா என்று அவர்களையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். ஸ்பான் எனப்படும் தேசிய நீர்ச் சேவை ஆணையத்தின் அனுமதி உள்ளவர்தானா என்றும் கேட்டுவிடுங்கள். பாதி விலைக்கு வருகிறேன் என்பவர் அந்தக் கசடை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்? சுத்திகரிப்பு நிலையத்திலா, செம்பனைக் காட்டுக் கால்வாயிலா? ரசீது வாங்கி, வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். அடுத்த தேதிக்கு அதுவே சாட்சி.

இப்போது லயத்துக்கு வருகிறேன். 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிக் குறைந்தபட்சத் தரச் சட்டப்படி, தொழிலாளிக்குக் கொடுத்த வீட்டை நல்ல நிலையில் வைத்திருப்பது முதலாளியின் கடமை. கழிவறை அந்த வீட்டில் சேர்ந்ததுதான். ஆகவே லாரிக்காக லயத்தில் வெள்ளி வசூலிக்கக் கேட்டால் கொடுக்கவேண்டாம், சங்கத்துக்குச் சொல்லுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் மறந்துவிடுவார்கள் என்பதற்கு நானே அத்தாட்சி. ஆகவே எழுத்தில் கேளுங்கள், ஒரு பிரதி கிளைக்கு அனுப்புங்கள்.

எங்கள் தாத்தா காலத்தில் வாளிக் கக்கூஸ். விடியுமுன்னே, பெரட்டுக்கு ஆள் கூடுமுன்னே, ஒரு மனிதர் அதைத் தலையிலும் தோளிலும் சுமந்து போவார். அவர் வீட்டில் ஒரு குவளைத் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர்கள் நம்மவர்கள்தான். இதை மறைப்பதில் பயனில்லை. தொட்டி வந்தது, அந்த வாளி ஒழிந்தது, நல்லதாயிற்று. ஆனால் தொட்டியைக் காலத்தில் உறிஞ்சாமல் விட்டால், பொங்கும் நாளில் நாம் மறுபடியும் அந்த வாளிக்காரரைத்தான் தேடுகிறோம். இன்று அப்படிக் கூப்பிடப்படுகிறவர் கடல் கடந்து வந்த வேற்றுநாட்டுத் தோழராகவும் இருக்கலாம். பாஷை தெரியாது, மறுத்துப் பேசமுடியாது. அவரும் தொழிலாளிதான்.

தொட்டிக்குள் இருக்கும் வாயு முதலில் அழுகிய முட்டைபோல நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும் நேரம்தான் ஆளைச் சாய்க்கும் நேரம். முகத்தில் ஈரத்துணி கட்டுவதால் ஒரு பயனும் இல்லை. எரியும் வாயுவும் அதில் உண்டு, ஆகவே சிகரெட்டும் தீக்குச்சியும் அருகே கூடாது. ஒருவர் உள்ளே விழுந்துவிட்டால் பின்னால் குதிக்காதீர்கள். 999க்குப் போன் போடுங்கள், தீயணைப்புப் படையினர் முகமூடியோடும் காற்றுக்குடுவையோடும் வருவார்கள். அண்ணன் விழுந்தால் தம்பி எப்படிச் சும்மா நிற்பான் என்று கேட்பீர்கள். கொடுமைதான். ஆனால் குதித்தால் ஒரு வீட்டுக்கு இரண்டு சவம்.

இறங்கு என்று யார் சொன்னாலும், எவ்வளவு வெள்ளி நீட்டினாலும், மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. கிராணிமார்களே, என் சகோதரர்களே, அப்படி ஒரு சீட்டு எழுதச் சொன்னால் பேனாவை மூடிவிடுங்கள். என்னால் அன்று முடியவில்லை.

செயலாளர் மணியைப் பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு முதல் லயத்துப் பிள்ளையார் கோயிலடியில் கூடுவோம். லயம் லயமாகப் போய், எந்தத் தொட்டிக்குக் கடைசியாக எப்போது லாரி வந்தது, எது விரிந்த மூடி, எது மண்ணில் புதைந்த மூடி என்று எழுதப்போகிறோம். யாரும் மூடியைத் திறக்கப்போவதில்லை. புதுக் கணக்குப் புத்தகம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். தேதி ஞாபகமுள்ள தாய்மார்கள் அவசியம் வரவேண்டும். ஆண்களுக்கு அந்தத் தேதி தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.