நுவரெலியாவில் நாங்கள் கண்டவை



1964ஆம் ஆண்டுச் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கையின் பின் இலங்கை மலையகம் விட்டுக் கட்சாலின் ரப்பர்த் தோட்டத்திற்கு வந்த குடும்பங்களின் வழித்தோன்றல்களாகிய நாங்கள், நுவரெலியாவைப் பயணிகளாய்ச் சென்று கண்டோம்.

ஏறத்தாழ 1,868 மீட்டர் உயரம். தீவு வெயிலிற் பழகிய உடல் நடுங்கிற்று! ஆளுநர் கிரகரியின் பெயர் தாங்கிய ஏரியையும், 1861இல் சிங்கோனாப் பயிருக்கெனத் தொடங்கப்பெற்ற ஹக்கலைத் தோட்டத்தையும் பார்த்தோம். சீதா எலியாவில் ஓடைக்கரைச் சீதையம்மனை வணங்கினோம். அசோகவனம் அதுவே என்பது அங்குள்ளோர் நம்பிக்கை.

தேயிலைச் சரிவுகளைப் படம்பிடிப்போர் பலர். கொழுந்து பறிப்போர் வாழும் லயன்களின் அருகில் வண்டியை நிறுத்துவோர் அரியர். நாங்கள் நிறுத்தச் சொன்னோம். “எந்தத் தோட்டத்து ஆளுங்க?” என்று வினவினார் ஒரு மூதாட்டியார். எங்கள் பாட்டியார் கொழுந்தெடுத்த தோட்டத்தின் பெயரைச் சொன்னோம். தேத்தண்ணீர் குடியாமல் எங்களை அவர் விடவில்லை.