விறகுக்குப் புதுப்பெயர்



இசுக்காட்லாந்தின் தலைநகராம் எடின்பரோவின் கடல்வாயிலில் உள்ளது இலீத்துத் துறைமுகம். 2010ஆம் ஆண்டையொட்டி அங்கொரு மின்னிலையம் எழுப்பக் கூட்டு நிறுவனம் ஒன்று முனைந்தது. துறைமுகங்களை உடைமையாகக் கொண்ட குழுமமும் மின்விற்கும் குழுமமும் கைகோத்துப் பெற்ற பிள்ளை அது. இலீத்து, உரோசைத்து, கிரேஞ்சுமவுத்து, தண்டீ என நான்கு துறைகளில் நான்கு உலைகள். எரிபொருள் 'உயிர்த்திரள்' என்றனர். பெயர் இனிக்கிறது! அதில் உயிர் இருக்கிறது, திரள் இருக்கிறது. மரம் வெட்டும் கோடரி மட்டும் இல்லை. ஊர்ப்பாட்டியைக் கேட்டால், விறகு என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவாள்.

விறகுலை காட்டோரத்தில் அமைவதே இயல்பு. துறைமுகத்தை ஏன் நாடினர்? விறகு பெரும்பாலும் கடல்கடந்து வரவேண்டியிருந்தமையால்தான். மறைக்க முயன்றதை இடமே உரைத்துவிட்டது. 100 மெகாவாட்டு உலையொன்றை ஓராண்டு ஓயாது இயக்க, உலர்ந்த மரமேனும் ஏறத்தாழ 5 இலக்கம் டன் வேண்டும். ஈரமரமாயின் இன்னும் மிகும்.

மரம் வளர்கையில் உண்ட கரிவளியையே எரிகையில் உமிழ்கிறது. ஆதலின் கணக்கு நேராகிவிடும் என்பது அவர்தம் வழக்கு. நேராவது என்றைக்கு? ஓரலகு மின்னுக்கு நிலக்கரியினும் மிகுதியான கரிவளியை மரம் புகைபோக்கியில் கக்குகிறது. எரிந்து தீர ஒரு நாழிகை. மீண்டும் அம்மரம் வளரப் பல பத்தாண்டுகள். இடைப்பட்ட கடனை வானம் சுமக்கிறது. அறுப்புத்தூளையும் கழிவையும் எரித்தால் கடன் குறையும். அதனை மறுப்பது நேர்மையன்று. ஆயின் அறுப்புத்தூளை மட்டும் கொண்டு நான்கு பேருலைகளின் பசி தீருமோ?

கணக்கு முறையில் மற்றொரு விந்தை. உலகநாடுகள் பின்பற்றும் நெறிப்படி, மரத்தின் கரிவளி வெட்டிய நாட்டின் நிலக்கணக்கில் ஏறும். எரித்த நாட்டின் ஆற்றற்கணக்கிலோ சுழி! உண்டவன் ஒருவன், இலை எண்ணப்படுவது அடுத்த வீட்டில். சுழி எழுதிய கையே தூய ஆற்றலென்று ஊக்கத்தொகையும் வழங்கிற்று.

இலீத்து மக்கள் வாளா இருந்திலர். வீட்டு வாயிலருகே புகைபோக்கி எழுவதை எதிர்த்தனர். 2012இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. 2013இல் கிரேஞ்சுமவுத்துக்கு அரசின் ஒப்புதல் கிடைத்தும் அங்கும் உலை எழவில்லை. நான்கு துறைகளில் ஒன்றிலேனும் அந்நிறுவனம் உலை மூட்டியதில்லை.

ஆனால் தெற்கே, இங்கிலாந்தின் யார்க்குசயரில், நிலக்கரிக்கெனக் கட்டப்பட்ட திராக்குசு நிலையம் 2013 முதல் உலை உலையாக மரத்துக்கு மாறிற்று. அமெரிக்காவின் இலூசியானா, மிசிசிப்பி மாநிலக் காடுகளின் மரம் பொடியாக்கப்பட்டு, சிற்றுருளைகளாக இறுக்கப்பட்டு, அட்லாண்டிக்குப் பெருங்கடலைக் கடந்து இம்மிங்காம் முதலிய துறைகளில் இறங்குகிறது. அங்கிருந்து, மழை நனைக்காவண்ணம் மூடிய தொடர்வண்டிகளில் அது உலைக்குச் செல்கிறது.