அடி அறிந்து கால் வை

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பது நம் முன்னோர் விட்டுச் சென்ற பழமொழி. முன்பின் அறியாத செயலில் துணிந்து இறங்குபவனை எச்சரிப்பதற்கே நாம் இதனைப் பெரும்பாலும் எடுத்தாளுகிறோம். இன்று நான் இதனை நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொண்டு, கடலில் இறங்கும் காலைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன்.

விடுமுறைக் காலத்தில் அந்தமான் தீவுகளுக்குச் செல்லும் மாணவர்கள் இன்று பலர். 2018-ஆம் ஆண்டுக்கு முன் ஹேவ்லாக் என்றும் நீல் என்றும் வழங்கி, இப்போது சுவராஜ் தீவு, சாகீத் தீவு என்று பெயர் பெற்றுள்ள தீவுகளின் கரையில் நிற்பவர்க்கு, பளிங்கு போன்ற அந்த நீரில் இறங்கி விளையாட ஆசை எழுவது இயல்பே. இறங்குமுன் எல்லோரும் ஆழத்தை விசாரிக்கிறார்கள். அடியில் என்ன கிடக்கிறது என்று விசாரிப்பவர் மிகச் சிலர். முழங்காலளவு நீர்தானே, என்ன நேர்ந்துவிடும் என்று எண்ணுகிறார்கள். காலுக்கு வரும் தீங்கு பெரும்பாலும் அந்த முழங்காலளவு நீரில்தான் காத்திருக்கிறது.

சென்னைக் கடற்கரையில் கால் வைத்துப் பழகியவர்க்கு இது வியப்பாக இருக்கலாம். அங்கே அடியில் இருப்பது மணல். பவளத் தீவுகளின் கரையிலோ மணலுக்கு அடுத்தாற்போல் பவளப்பாறை தொடங்கிவிடும். பாறை என்று பெயரிட்டாலும் அது வெறுங்கல் அன்று. பவளம் என்னும் சிற்றுயிர்கள் கோடிக்கணக்கில் கூடி வாழ்ந்து, தம்மைச் சுற்றிச் சுண்ணாம்பால் கட்டிக்கொண்ட ஊர் அது. அதன் விளிம்புகள் உடைந்த கண்ணாடி போல் கூரியவை. அதில் உராய்ந்த கால் சிறிதளவே கீறியிருந்தாலும், பவளத் துணுக்குகள் புண்ணுக்குள் தங்கிவிடுவதால், அது எளிதில் ஆறாது; சீழ் வைப்பதும் உண்டு.

அடியைக் கண்ணால் பார்த்து நடக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பௌதிகப் பாடத்தில் ஒளிவிலகலைப் படித்திருப்பீர்கள். மேலிருந்து நேராகப் பார்க்கும்போது நான்கடி ஆழத்து நீரின் அடித்தளம் மூன்றடி ஆழத்தில் இருப்பது போலவே தோன்றும். சாய்ந்து பார்த்தால் பொருளின் இடமும் மாறித் தெரியும். போதாக்குறைக்கு அலையின் நெளிவும், மேற்பரப்பில் ஒளியின் பளபளப்பும் கண்ணை ஏமாற்றும். ஆகவே கண்ணை மட்டும் நம்பிக் காலை வைப்பது தகாது.

அந்த அடித்தளத்தில் வாழ்வோர் சிலரை அறிந்துகொள்வோம். முதலாவது கடல் முள்ளெலி. கறுப்பு நிறமும் நீண்ட முட்களும் கொண்ட ஒரு வகை, பகலில் பாறை இடுக்குகளில் ஒடுங்கியிருக்கும். அதன் முள் எளிதில் ஒடியக்கூடியது. காலில் ஏறியதும் உள்ளேயே முறிந்துவிடும். இரண்டாவது கல்மீன். இதன் உடல் பாசி படிந்த கல்லைப் போலவே இருக்கும். அசையாமல் கிடக்கும் அதனைப் பழகிய கண்ணும் பிரித்தறிவது கடினம். முதுகில் வரிசையாக உள்ள 13 முட்களின் பக்கத்தில் நஞ்சுப் பைகள் உண்டு. மிதிப்பவனுடைய எடையே அந்த நஞ்சை அவன் காலுக்குள் செலுத்திவிடுகிறது. மூன்றாவது திருக்கை மீன். மணலைத் தன்மேல் போர்த்துக்கொண்டு அது படுத்திருக்கும். மிதிபட்டால் வாலை வீசும். அந்த வாலில் ரம்பப் பற்கள் கொண்ட நச்சு முள் உண்டு.

இவற்றுள் எதுவும் மனிதனைத் தேடி வந்து தாக்குவதில்லை என்பதை மனத்தில் கொள்ளுங்கள். தம் வீட்டில் தம் பாட்டில் இருக்கும் உயிர்கள் அவை. நாம் மிதிக்கிறோம், அவை தம்மைக் காத்துக்கொள்கின்றன, அவ்வளவுதான்.

இனிக் காக்கும் வழியைச் சொல்கிறேன். நீரில் இறங்கும்போது காலணி அணிய வேண்டும். நீரைக் கண்டால் செருப்பைக் கழற்றிவிடுவதே நம்மவர் வழக்கம். கோயில் குளத்திற்கு அது பொருந்தும்; பவளக் கரைக்குப் பொருந்தாது. வீட்டில் போடும் ரப்பர் செருப்பும் இங்கே உதவாது. முதல் அலையிலேயே அது காலை விட்டு மிதந்து போகும். விரல்களையும் அது மூடுவதில்லை. விரலும் குதிகாலும் மூடியதும், அடிப்பாகம் தடித்ததும், நனைந்தாலும் கழலாததும், நீர் எளிதில் வடியக்கூடியதுமான காலணியே ஏற்றது. புதிதாக வாங்க வசதியில்லாதவர்கள் பழைய கித்தான் காலணியைக் கயிறு இறுகக் கட்டி அணிந்துகொள்ளலாம். ஆனால் கல்மீனின் முள் மெல்லிய அடித்தோலைத் துளைத்துவிடும். திருக்கையின் வால் கணுக்காலையும் எட்டும். எனவே காலணி மட்டும் போதாது. நடையும் மாற வேண்டும்.

அந்த நடையை ஒரு முதிய மீனவரிடம் நான் கண்டேன். ஆசிரியப் பணியில் இருந்த நாளில் மாணவர்களோடு பாம்பன் கரைக்குச் சென்றிருந்தேன். வலையை எடுக்க இடுப்பளவு நீரில் இறங்கிய அவர், காலைத் தூக்கி வைக்காமல், மணலை உழுவது போல் நகர்த்தியே சென்றார். காரணம் கேட்டேன். "கீழே திருக்கை படுத்துக் கிடக்கும், வாத்தியாரையா. மிதிச்சா அடிக்கும், இடிச்சா ஓடிப்போகும்" என்றார். நூல்கள் பல பக்கங்களில் கூறுவதை அவர் ஒரே மூச்சில் கூறிவிட்டார். மணற்பாங்கான இடத்தில் நடப்பதற்கு இதைவிடச் சிறந்த விதி இல்லை.

காப்பையும் மீறிக் காயம் பட்டால் என்ன செய்வது? பவளக் கீறலைத் தூய நன்னீராலும் சோப்பாலும் நன்றாகக் கழுவித் துணுக்குகளை அகற்ற வேண்டும். முள்ளெலியின் முள் ஆழமாக ஏறியிருந்தால் ஊசியால் தோண்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். கல்மீனோ திருக்கையோ குத்திவிட்டால், அந்தக் காலைத் தாங்கக்கூடிய வெந்நீரில், ஏறக்குறைய 45 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், 30 முதல் 90 நிமிடம் வரை வைத்திருந்தால் வலி பெரிதும் தணியும். அந்த நஞ்சுகள் வெப்பத்தைத் தாங்காதவை. வலியில் துடிக்கும் கால் சூட்டை உணராது. ஆகையால் வேறொருவர் கையை விட்டுச் சூட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கடிவாயை அறுப்பதும், வாயால் உறிஞ்சுவதும், இறுகக் கட்டுவதும் கூடா. ஆழப் பதிந்த திருக்கை முள்ளை நீங்களாகப் பிடுங்கவும் கூடாது. வெந்நீர் முதலுதவி மட்டுமே. மருத்துவமனைக்குச் செல்வதைத் தள்ளிப்போடலாகாது. கல்மீன் நஞ்சுக்கு மாற்று மருந்து 1959-ஆம் ஆண்டிலேயே ஆஸ்திரேலியாவில் உருவாக்கப்பட்டது. எனினும் அது எல்லாத் தீவிலும் கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். ஆதலால் படகில் செல்லும்போது ஒரு பிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டு போவது நல்லது. தசைவிறைப்பு நோய்க்குரிய தடுப்பூசியைக் காலாகாலத்தில் போட்டிருத்தலும் வேண்டும்.

வீட்டுப் பெரியவர்களோடு செல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நீரிழிவு நோய் நாட்பட்டவர்க்குக் காலில் உணர்ச்சி மங்கியிருக்கலாம். பவளம் கிழித்தாலும், மணல் சுட்டாலும் அவர்களுக்குத் தெரியாது. வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் சில கிருமிகள் அத்தகையோரின் புண்ணில் புகுந்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம். தாத்தாவோ பாட்டியோ கரையேறியதும் அவர்களுடைய பாதத்தையும் விரலிடுக்கையும் நீங்கள் பார்த்துவிடுங்கள். அவர்களுக்கு நீங்கள் செய்யக்கூடிய பணிவிடைகளில் அதுவும் ஒன்று.

இதுவரை கடலிடமிருந்து காலைக் காப்பது பற்றிச் சொன்னேன். காலிடமிருந்து கடலைக் காப்பதும் உண்டு. வெறுங்காலோடு பவளத்தின் மேல் ஏறுபவனை வலியே தடுத்துவிடும். தடித்த காலணி அணிந்தவனுக்கோ வலி இல்லை. அவனை அறிவுதான் தடுக்க வேண்டும். உருண்டைப் பாறையாக வளரும் பவள வகைகள் பல, ஓராண்டில் ஒரு சென்டிமீட்டர் அளவுகூட வளர்வதில்லை. பல்லாண்டுகளாக வளர்ந்த ஒன்றை ஒரே மிதியில் சிதைத்துவிடலாம். நம் நாட்டில் பவளம் 2001-ஆம் ஆண்டு முதல் புலிக்கும் யானைக்கும் உள்ள சட்டப் பாதுகாப்பைப் பெற்றிருக்கிறது. ஆகவே மணலும் வழக்கமான தடமும் உள்ள இடத்தில் மட்டும் நடங்கள். நீந்தும்போது களைத்தால் பவளத்தின் மேல் நிற்காமல் மல்லாந்து மிதந்து இளைப்பாறுங்கள். அது பவளத்துக்கும் நல்லது. உங்கள் காலுக்கும் நல்லது.

மாணவச் செல்வங்களே, கடலில் இறங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. இறங்குங்கள், மகிழுங்கள், அந்த நீருக்கடியில் உள்ள உலகத்தைக் கண்ணாரக் காணுங்கள். இறங்குமுன் அவ்வூர்ப் படகோட்டியிடம் ஆழத்தோடு அடியையும் கேட்டறியுங்கள். நாம் கால் வைக்கும் இடம் இன்னோர் உயிரின் இல்லம் என்னும் நினைவு ஒன்றிருந்தால், நம் காலும் பிழைக்கும். அந்த இல்லமும் பிழைக்கும்.