வீடு தேடிச் செல்லும் மருத்துவமும் மருத்துவரின் பரிந்துரைக் கடிதமும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





நோயாளியை நலம் விசாரிப்பது நம்மீதுள்ள கடமைகளுள் ஒன்று என்பதை இச்சபையில் விளக்கத் தேவையில்லை. பழங்களை வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்கு விரைவதில் நம் மக்களை எவரும் மிஞ்ச இயலாது. ஆனால் அதே நோயாளி எழுந்து நடக்க இயலாத நிலையில் வீடு திரும்பிவிட்டால், முதல் வாரம் கூட்டம் வருகிறது. மூன்றாம் வாரம் வாசலில் செருப்புகள் இல்லை. உண்மையான சிரமம் அப்போதுதான் தொடங்குகிறது.

பக்கவாதத்தில் படுத்துவிட்ட பெரியவர் ஒருவரை அவரது இல்லத்தில் காணச் சென்றிருந்தேன். இடுப்பின் கீழ் உள்ளங்கை அகலத்திற்குப் படுக்கைப்புண். அவரது துணைவியாருக்கும் வயது அறுபதைத் தாண்டியிருந்தது. "டாக்டர் மாத்திரை மட்டுந்தான் எழுதிக் கொடுத்தாங்க ஹஜ்ரத். திருப்பிப் படுக்க வைக்கணும்னு யாரும் சொல்லலியே" என்றார். அவர்கள் கொண்டுவந்த தாளை வாங்கிப் பார்த்தேன். ஐந்து மாத்திரைகளின் பெயர்கள்; கீழே, பதினைந்து நாள் கழித்து வரவும் என்ற ஒரு வரி. ஆட்டோவில்கூட உட்கார வைக்க முடியாதவரை எப்படி அழைத்துச் செல்வது என்று எழுதியவர் எண்ணிப் பார்க்கவில்லை.

இத்தகையோருக்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இதற்காகவே வகுக்கப்பட்டது. இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் ஆகியவற்றுக்கான மாத்திரைகளை வீட்டிலேயே வழங்குதல், படுத்த படுக்கையானோருக்கு வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சை, இயன்முறைச் சிகிச்சை, வயிற்றுவழி டயாலிசிஸ் செய்வோருக்கான திரவப் பைகள் ஆகியன அதில் அடங்கின. நான் கூறிய பெரியவரின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. காரணம் எளிது: பெரிய மருத்துவமனையின் மருத்துவர் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு ஒரு வரி எழுதவில்லை, எழுதித் தாருங்கள் என்று கேட்க வேண்டும் என்பது குடும்பத்தாருக்கும் தெரியவில்லை.

அண்டை மாநிலமான கேரளத்தைப் பாருங்கள். 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்கள் ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் தொடங்கிய சிறு முயற்சி, மலப்புறம் போன்ற மாவட்டங்களில் ஊர்மக்களின் இயக்கமாகவே வளர்ந்தது. செவிலியருடன் ஊர்த் தொண்டர்களும் வீடுகளுக்குச் சென்றனர். செலவில் பெரும்பகுதியை ஊராரே சிறுசிறு தொகைகளாகத் தந்தனர். 2008-இல் அம்மாநில அரசு இதனைக் கொள்கையாகவே அறிவித்தது. மலப்புறத்தார் நம்மைவிடச் செல்வந்தர்கள் என்று சிலர் கூறக்கூடும். சந்தூக்கிற்குச் சாயம் பூச ஆண்டுதோறும் பணம் ஒதுக்கும் நமக்கு, ஒரு காற்று மெத்தை வாங்கப் பணமில்லை என்பதை நான் ஏற்கமாட்டேன்.

மருத்துவ நண்பர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். படுக்கையிலிருக்கும் நோயாளியை வீட்டிற்கு அனுப்பும்போது, வீட்டிற்கு வரும் செவிலியருக்கென்று ஒரு தனித்தாள் எழுதுங்கள். நோய் என்ன, எந்த மருந்து எவ்வளவு, எது ஒவ்வாது என்பன அதில் இருக்கட்டும். சிறுநீர்க் குழாய் பொருத்தியிருந்தால் எந்த வகைக் குழாய், எந்தத் தேதியில் மாற்ற வேண்டும் என்று குறிப்பிடுங்கள். வகைக்கேற்பக் காலம் மாறும். வீட்டார் அதை அறியமாட்டார்கள். மூக்குக்குழாய் வழியே உணவு செலுத்துவதானால் தலைப்பகுதியை உயர்த்தி வைக்க வேண்டும் என்பதைச் செய்து காட்டியே அனுப்புங்கள். இரண்டு மணி நேரத்திற்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்கச் சொல்லுங்கள். எந்த அறிகுறி கண்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும், எதற்குப் பதற வேண்டாம் என்பதையும் தமிழில் எழுதுங்கள். அதன் ஒரு பிரதி ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லட்டும்.

புற்றுநோயின் கடும் வலியால் துடிப்பவரை, இனிச் செய்வதற்கொன்றுமில்லை என்று கூறி அனுப்பிவிடாதீர்கள். மார்ஃபின் மாத்திரை உண்டு. அதனைப் பெறுவதிலிருந்த சட்டச் சிக்கல்களைக் குறைக்கவே 2014-இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டது. அங்கீகாரம் பெற்ற வலிநிவாரண மையத்திற்கு நீங்கள் எழுதும் கடிதமே அவரது உறக்கத்தைத் திருப்பித் தரும்.

தனியார் வீட்டுச் செவிலியர் நிறுவனங்களும் பெருகியுள்ளன. வசதி படைத்தோர் அவர்களை அமர்த்துவதில் குற்றமில்லை. ஆனால் ஆள் அனுப்பியதற்காக மருத்துவர் தரகு பெறுவதை 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளே தடுத்துள்ளன. குடும்பத்தார் தயங்காமல் கேளுங்கள்: வருபவர் பதிவு பெற்ற செவிலியரா, பயிற்சி பெற்ற உதவியாளரா? ஊசி போடுவதும் உடல் துடைப்பதும் ஒரே வேலையன்று.

இன்னொன்று. நோயாளியின் நோய் அவருடைய அமானிதம். அவரது சம்மதமின்றி ஜமாஅத்துக்குக்கூட மருத்துவர் எதனையும் தெரிவிக்கலாகாது, நாமும் கேட்கலாகாது. ஆகவே முதலடியை வீட்டாரே எடுத்து வைக்க வேண்டும். பெண் நோயாளியெனில் உடன் செல்ல நம் சகோதரிகளில் சிலர் முன்வந்துள்ளனர். அவர்களும் இந்த இரகசியத்தைப் பேணுவர்.

நிர்வாகக் குழுவின் அனுமதியுடன் கூறுகிறேன்: ஜமாஅத் அலுவலகத்தில் இதற்கெனப் பதிவேடு ஒன்று திறக்கப்பட்டுள்ளது. அஸர் தொழுகைக்குப் பின் மருத்துவமனைத் தாளுடன் வாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு உங்களுடன் வர இரு இளைஞர்கள் இருப்பார்கள். சக்கர நாற்காலி ஒன்றும் காற்று மெத்தைகள் இரண்டும் பைத்துல்மால் நிதியில் வாங்கப்பட்டுள்ளன. தேவை முடிந்ததும் துடைத்துத் திருப்பித் தந்தால் போதும், வாடகை இல்லை.