ஆராய்ச்சிச் சாலையின் கதவு யாருக்குத் திறக்கிறது?

(காசிமேட்டில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஐஸ் வண்டிச் சத்தத்துக்கும் ஏலக் கூச்சலுக்கும் நடுவே நின்றுகொண்டு சர்வகலாசாலையைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றால், இவனுக்கு என்ன வந்தது என்று சிலர் நினைப்பீர்கள். எனக்கு ஒன்றும் வரவில்லை. நமக்குத்தான் வந்திருக்கிறது.

பெரம்பூரில் பின்னி மில் 1996ல் மூடப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மில்லை நம்பித் தறித் தொழிலாளி மட்டுமா இருந்தான்? டீக்கடைக்காரன் இருந்தான், இட்டிலி விற்ற ஆயா இருந்தாள், வீட்டு வாடகையை நம்பியவன் இருந்தான். ஒரே தொழிலில் நிற்கும் பேட்டை அந்தத் தொழில் சாய்ந்தால் கூடவே சாயும்.

கடல் மட்டும் என்ன? 2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன, கரையெல்லாம் எண்ணெய். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து முகத்துவாரத்தில் படிந்தது. வலையும் படகும் கறுத்துப்போயின. வருஷத்துக்கு 61 நாள் தடைக்காலம் வேறு. அதனால்தான் கேட்கிறேன்: இந்தக் கரையில் இன்னும் நாலு தொழில் எப்படி முளைக்கும்?

சென்னையிலேயே இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1888ல் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற வெள்ளைக்காரர் இங்கே இன்ஜினீயரிங் காலேஜுக்கு ஆசிரியராக வந்தார். பிறகு எழும்பூர்ப் பக்கம் இருந்த சர்க்கார் கலைத் தொழிற் பள்ளியின் பொறுப்பு அவரிடம் வந்தது. 1898ல் அந்தப் பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்து பார்த்தார்கள். இன்று நம் வீட்டு அடுப்பிலே கிடக்கிற அலுமினியச் சட்டி இருக்கிறதே, இந்த நாட்டில் அந்தத் தொழில் அங்கேதான் தொடங்கியது. லாபம் தெரிந்ததும் அது தனியார் கம்பெனியின் கைக்குப் போனது.

அடுத்தது தோல். வயல் வேலைத் தோழர்கள் கேளுங்கள். அந்தக் காலத்தில் கவலை ஏற்றத்தில் தோல் சால் கட்டி மாட்டை ஓட்டித் தண்ணீர் இறைத்தோம். ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல் ஓயாமல் தண்ணீரில் நனைந்து சீக்கிரம் அழுகும். புதுச் சாலுக்குக் கடன், கடனுக்கு வட்டி. குரோமிய உப்பில் பதனிட்டால் அந்த உப்பு தோலின் நாரோடு இறுகப் பிடித்துக்கொள்ளும். தண்ணீரில் நெடுநாள் தாங்கும். இதை 1903 வாக்கில் அந்தப் பள்ளியில் சோதித்தார்கள். கிணற்றடியில் இருந்த கஷ்டம் பரிசோதனை மேஜைக்குப் போய், சாலாகத் திரும்பி வந்தது. விஞ்ஞானம் என்பது இதுதான், தோழர்களே!

விட்டார்களா? ஐரோப்பிய வியாபாரிகள் கொதித்தெழுந்தார்கள். சர்க்கார் எங்களோடு போட்டி போடுவதா என்றார்கள். 1910ல் லண்டனிலிருந்து இந்தியா மந்திரி மார்லி பிரபு தாக்கீது அனுப்பினார்: சர்க்கார் தொழில் கற்றுக்கொடுக்கலாம், ஆனால் தொழில் நடத்தக் கூடாது. குரோம் தோல் தொழிற்சாலை ரேவா சமஸ்தானத்துக்கு விற்கப்பட்டது. சாட்டர்டன் துரை தொழிலாளிக்காகக் கப்பல் ஏறி வந்தவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் கைக்கே விலங்கு போட்டார்கள் என்றால், யாருடைய பெட்டி ஆட்டம் கண்டது என்று யோசியுங்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1948ல், அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. சென்னை சர்வகலாசாலையின் அழகப்ப செட்டியார் தொழில்நுட்பக் காலேஜின் பக்கத்திலேயே இடம். பாதி பதனிட்ட தோலைச் சல்லிசாகக் கப்பலேற்றிக்கொண்டிருந்த நாடு, 1970களில் சர்க்கார் அதற்குக் கட்டுப்பாடு போட்ட பிறகு, முழுத் தோலும் செருப்பும் ஏற்றுமதி செய்யத் தொடங்கியது. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஆயிரக்கணக்கான பெண்கள் செருப்புக் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போனார்கள். நல்லதுதான். ஆனால் கழிவு நீர் பாலாற்றிலும் கிணறுகளிலும் இறங்கியது. 1996ல் சுப்ரீம் கோர்ட் தலையிட வேண்டியிருந்தது. அதற்குள் எத்தனை வயல் உப்புப் பூத்தது, எத்தனை விவசாயக் கூலிக்கு வேலை போனது! தோலைப் பற்றி ஆராய்ந்த அளவுக்கு ஆரம்பத்திலேயே தண்ணீரைப் பற்றியும் ஆராய்ந்திருந்தால்? கேட்க வேண்டியவன் அறைக்குள் இல்லை. அவன் ஆற்றங்கரையில் இருந்தான்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். சென்னையின் படத்தை எடுத்துப் பாருங்கள். அடையாறு, கிண்டி, தரமணி, பள்ளிக்கரணை: பெரிய ஆராய்ச்சிச் சாலைகள் அநேகமாகத் தெற்கே. மணலி, எண்ணூர், திருவொற்றியூர்: புகைக்கூண்டுகள் வடக்கே. தரமணியில் ஐ.ஐ.டி. 2010ல் திறந்த ஆராய்ச்சிப் பூங்காவில் பெரிய பெரிய கம்பெனிகள் இடம் பிடித்து உட்கார்ந்து பேராசிரியர்களோடு வேலை செய்கின்றன. கம்பெனிக்கு முடிவது மீனவர் சங்கத்துக்கு முடியாதா?

நம் கரையிலும் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கடல் தொழில் பயிற்சி கொடுக்கும் மத்திய சர்க்கார் ஸ்தாபனத்தின் கிளை 1968 முதல் இங்கே ராயபுரத்தில் இருக்கிறது. பொன்னேரியில் மீன்வளக் காலேஜ் இருக்கிறது. 1987ல் தொடங்கிய உவர்நீர் மீன் வளர்ப்பு நிலையம் 1997ல் கொடுவாய்க் குஞ்சைப் பண்ணையிலேயே பொரிக்க வைத்துக் காட்டியது. கொடுவா குஞ்சு வளர்த்து விற்க ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டாம். கழியில் வலைத்தொட்டி கட்டினால் போதும். ஆனால் கழித் தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும். அங்கேதான் இடிக்கிறது!

ஆகவே என் முதல் கோரிக்கை தண்ணீர்தான். கொசஸ்தலை முகத்துவாரத்துத் தண்ணீரையும் சேற்றையும் மாதாமாதம் காலேஜ் பரிசோதிக்கட்டும். முடிவைத் தமிழில் எழுதி ஏலக்கூடச் சுவரில் ஒட்டட்டும். கருவாடு காயப்போடும் தாய்மார்களுக்கு மணலும் ஈயும் படாத வெயில் உலர்த்தி வேண்டும். அதை வடிவமைக்கும்போது அவர்களைக் கூட வைத்துக்கொள்ள வேண்டும். லாஞ்சு எஞ்சின் பழுது பார்க்கும் பையன், காலேஜ் பட்டறையின் கடைசல் யந்திரத்தைக் கூட்டுறவுச் சங்கத்தின் பேரில் மணிக்கணக்குக் கட்டணத்தில் உபயோகிக்க வேண்டும். அதிலிருந்து வரும் தொழில் சங்கத்தின் பேரில் இருக்க வேண்டும். அலுமினியச் சட்டிக் கதையை இரண்டாம் தடவை கேட்க நாம் தயாரில்லை.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. “வேறு தொழில் தருகிறோம், கரையை விட்டுப் போங்கள்” என்று எவனாவது வந்தால் நம்பாதீர்கள். நாம் கேட்பது கடலோடு இன்னொரு தொழில். கடலுக்குப் பதில் அல்ல.

ஞாயிற்றுக்கிழமை ஏலம் முடிந்ததும் வலை பின்னும் கொட்டகையில் உட்கார்ந்து மனு எழுதுகிறோம். பொன்னேரிப் பக்கத்து விவசாயத் தோழர்களும் வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் கட்டாயம் வர வேண்டும். எதை எழுதுவது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.